சதுர அடி வீடு பார்க்கப் போனார்

அவளுடைய கணவருக்குச் ‘சதுர அடி’ என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய கூடப்பிறந்த தம்பிதான். தம்பி எலெக்ட்ரீஷியன், கையில் மட்டுமில்லை, வாயிலும் கரண்ட் ஓடும். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, மச்சானைக் காதருகே கூப்பிட்டு, இந்த ஹால் எத்தனை சதுர அடி இருக்கும் என்று விசாரித்தாராம். அன்றைக்கு ஒட்டிய பெயர். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிடாதது மட்டும்தான் அவருக்குக் கொடுத்த மரியாதை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டு விலை தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மனை விலை சொல்வார். பல் டாக்டர் வாயைத் திறக்க வைத்து உள்ளே கருவியை விட்டுக்கொண்டே, "உங்க ஏரியாவில் இப்போ என்ன ரேட் போகுது?" என்பார். வீடு என்பது குடியிருக்கிற இடம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், ஐயோ பாவம் என்று பார்த்திருப்பார்கள்.

சதுர அடி ஒரு டைல்ஸ் ஷோரூமில் விற்பனை மேலாளர். முதல் வீட்டை வாங்கி, விலை ஏறியதும் விற்றார். இரண்டாவதையும் அப்படியே. அவள் பெட்டிகளைக் கட்டுவாள், பிரிப்பாள், திரும்பக் கட்டுவாள். கடைசியில் ஒரு பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள். அதற்குள் என்ன இருந்தது என்பதும் மறந்துபோனது. மூன்றாவதாக வந்ததுதான் இந்த வீடு. இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை போன ஹால், கதவே இல்லாத சமையலறை, முகம் தெரிகிற வெள்ளைத் தரை, மாடியில் யாரும் குளிக்காத ஒரு வட்டத் தொட்டி. ஹாலில் தும்மினால் எதிரொலி தும்மும். பல்பு மாற்ற வேண்டுமானால் தம்பி நீள ஏணியோடு வரவேண்டும்.

இந்த வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று. ஆணி அடிக்கக் கூடாது. விற்கும்போது விலை குறையுமாம். அதனால் காலண்டர் ஃபிரிட்ஜ் மேல் படுத்துக் கிடந்தது. கல்யாணப் போட்டோ சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தது. மகள் ஈரக்கையோடு நடந்து வந்தால் அப்பா பதறி எழுந்து குழந்தைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்பார். இனி வரப்போகிற யாரோ ஒரு புண்ணியவானுக்காக மூன்று பேரும் தங்கள் சொந்த வீட்டில் விருந்தாளிகளாக இருந்தார்கள்.

அப்புறம் விலையின் காற்று இறங்கியது. ஏன் இறங்கியது என்று டி.வி.யில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தெருவில் ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. வாசலில் நட்ட ‘விற்பனைக்கு’ பலகைகள் வெயிலில் வெளுத்து, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போனது. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறாது என்று தெரிந்த நாளில் சதுர அடி சோபாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முகத்தில் ஈயாடவில்லை.

அவளுக்கு? சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுவோம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்து, தோளைத் தடவிக் கொடுத்து, ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்த் தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"டேய், டிரில் மெஷின எடுத்துட்டு வாடா."

"எதுக்குக்கா?"

"இனிமே குறையறதுக்கு விலையே இல்லடா. ஆணி அடிக்கப் போறேன்."

முதல் ஆணியில் கல்யாணப் போட்டோ ஏறியது. டிரில் சத்தத்தில் சதுர அடி எழுந்து ஓடி வந்தார்; சுவரில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார்; ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்வதற்கு விலை ஒன்றும் கைவசம் இல்லாததால் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான், அவளுக்குக் கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. அடுத்து வந்த வருஷங்களில் அந்த வீட்டை அவள் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சமையலறைக்குக் கதவு போட்டாள். அது பழைய கதவு, அளவு சரியில்லாமல் கொஞ்சம் பிடிக்கும். கைப்பிடியை மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் திறக்கும். பெரிய ஹாலின் குறுக்கே உயரமான அலமாரிகளை நிறுத்தி இரண்டாகப் பிரித்தாள். மின்விசிறியை நீளக் குழாயில் கீழே இறக்கியதும்தான் அந்த வீட்டில் முதல்முறையாகக் காற்று மனிதர்கள் மேல் பட்டது. யாரும் குளிக்காத தொட்டியைத் தம்பியும் அவளும் மூச்சு வாங்க இறக்கிப் பின்பக்கம் வைத்து, மண் போட்டுத் தக்காளி நட்டார்கள்.

அவளுக்கு வேலை ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில். வீட்டிலிருந்தே பேசலாம். நாள் முழுக்க யாராவது காதில் கத்திக்கொண்டிருப்பார்கள், அவள் தேன் தடவிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அதற்காக மாடிப்படிக்குக் கீழே பலகை அடைத்து, கதவு போட்டு, ஓர் ஆள் உட்காரும் அறை ஒன்று செய்துகொண்டாள். மேற்குப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறதென்று ஒரு மரக்கன்று வைத்தாள். அது அவளைப் போலவே பிடிவாதம். சீக்கிரமே ஜன்னல் உயரம் தாண்டிவிட்டது.

இவர் என்ன செய்தார்? முணுமுணுத்தார். அளவெடுக்கும் டேப்பை நீட்டி, அலமாரியால் எத்தனை சதுர அடி போச்சு என்று கணக்குச் சொன்னார். சொல்லிவிட்டு அலமாரிக்குப் பின்னால் மின்விசிறிக்கடியில் பாய் விரித்துத் தூங்கினார். மாலையில் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனசு சரியில்லாத நாட்களில், அவளுக்கு ஷிஃப்ட் முடிந்ததும் மாடிப்படி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதையெல்லாம் அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

இப்படி இருக்கையில் சந்தை மெல்லக் கண் விழித்தது. ஆனால் எழுந்தது வேறு ஆளாக. பக்கத்து வீட்டுக்காரர் தன் ஹாலைப் பளபளவென்று துடைத்து வைத்துக் காத்திருந்தார். வந்தவர்கள் உள்ளே நுழைந்து, தங்கள் குரல் எதிரொலிப்பதைக் கேட்டு, இதைக் கூட்டிப் பெருக்கவே ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறதே என்று வாசலோடு திரும்பினார்கள். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு மூலை உண்டா, சமையலறைக்குக் கதவு உண்டா, மதியம் வீடு கொதிக்குமா, இவைதான் இப்போது கேள்விகள். ஷோரூமிலும் அதே கதை. முன்பெல்லாம் முகம் தெரிகிற டைல்ஸ் கேட்டவர்கள் இப்போது வழுக்காத டைல்ஸ் கேட்கிறார்கள் என்று சதுர அடியே வந்து ஆச்சரியப்பட்டார்.

ஆச்சரியப்பட்டவர் சும்மா இருந்தாரா? ஒரு நாள் சாப்பிடும்போது, விலை கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, விற்றுவிடலாம் என்றார். மறுபடி விழுவதற்குள் கையைக் கழுவிவிட வேண்டும், இந்த முறை ஏமாற மாட்டேன் என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதுதான் அவளைச் சுட்டது. இப்போது ஆட்கள் கேட்கிற மாதிரியே நம் வீடு இருக்கிறதாம், எல்லாம் அவள் கைராசியாம்.

விலை போனது என்றுதானே இந்த வீட்டை வீடாக்கினாள்? வீடாக்கியதால் விலை வந்துவிட்டது, விலை வந்ததால் வீடு போகப் போகிறது. இதைவிட அநியாயம் உண்டா? வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று கத்துகிறவர்களுக்கு ஆயிரம் பதில் வைத்திருப்பவள், கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எனக்கு இந்த வீட்ட விட்டுப் போக இஷ்டமில்லைங்க."

"இதவிட நல்லதா பாத்து வாங்கித் தர்றேன்மா," என்றார் அவர். உண்மையாகவே சொன்னார், அதுதான் கொடுமை. ஆண்பிள்ளை ஒரு தடவை ஏமாந்ததை இன்னும் ஜீரணிக்கவில்லை. அந்த ஒரு தோல்வியை நேராக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்குவார் என்று அவளுக்கும் புரிந்தது. சரி, யாரும் வாங்காமல் போகட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு விட்டுவிட்டாள்.

விற்பதற்குச் சதுர அடியிடம் ஒரு சாஸ்திரம் உண்டு. ஓனர் நேராகப் பேசினால் அவசரம் தெரிந்துவிடும், விலை இறங்கும். எனவே தம்பியின் நம்பரைக் கொடுத்து, தம்பியைப் பேசச் சொன்னார். வந்த புரோக்கர் ஓர் அம்மாள். ஊரில் ‘சாவி அக்கா’ என்றால் தெரியும். இடுப்பில் அத்தனை வீட்டுச் சாவிகள். விலை விழுந்தபோது மற்ற புரோக்கர்களெல்லாம் வேறு தொழில் பார்க்கப் போக, இந்த அம்மாள் மட்டும் ஸ்கூட்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தவள். சதுர அடி ஷோரூமில் இருந்த நாளில் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, மாடிப்படி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் பார்த்துவிட்டு, இது ஒரு வாரம்கூட நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே தம்பி தகவல் கொண்டு வந்தான். ஞாயிறு காலை சாவி அக்கா, வீடு வாங்குகிற பார்ட்டி ஒன்றை அழைத்து வருகிறாளாம். அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்துகிற பார்ட்டியாம். சதுர அடிக்கு இதைச் சொன்னதும், அன்றைக்கு ஷோரூமில் சரக்குக் கணக்கு இருக்கிறது, நான் இல்லாமலிருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டார். ஞாயிறன்று இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே கிளம்பியும் போய்விட்டார்.

அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பொய் சொல்லப் போவதில்லை. உள்ளதை உள்ளபடி, ஒன்று விடாமல் சொல்லப் போகிறாள். மழை பெய்தால் மேற்கு ஜன்னலில் சாரல் அடிக்கும். மாடிக் குழாயில் தண்ணீர் அழுது வடியும். பக்கத்து வீட்டு நாய் காரணமில்லாமல் குரைக்கும். சமையலறைக் கதவு சண்டித்தனம் செய்யும். கேட்கிற பார்ட்டி தெறித்து ஓடவேண்டும். மகளைத் தம்பியோடு மாடிக்கு அனுப்பிவிட்டு, கூப்பிடும்வரை இறங்கக் கூடாது என்று மிரட்டியும் வைத்தாள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். சாவி அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றாள். பின்னால், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி, இஸ்திரிச் சட்டையில், பேயறைந்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார் சதுர அடி.

"அம்மா, தம்பிகிட்ட சொல்லியனுப்பினேனே, இவர்தான் அந்த பார்ட்டி," என்றாள் சாவி அக்கா.

விஷயம் இதுதான். சரக்குக் கணக்கெல்லாம் வெறும் சாக்கு. சதுர அடி ஒரு பக்கம் விற்றுக்கொண்டே இன்னொரு பக்கம் வாங்குவதற்கு வீடு தேடியிருக்கிறார். யாரிடம்? இதே சாவி அக்காவிடம், தன் நம்பரிலிருந்து. நல்ல புரோக்கரை விட மனசில்லை. சாவி அக்காவின் ஃபோனில் இவர் ‘டைல்ஸ் பார்ட்டி’, வீடு ‘எலெக்ட்ரீஷியன் தம்பி வீடு’. எந்தப் புரோக்கரும் விலாசத்தை முன்கூட்டிச் சொல்ல மாட்டார். சொன்னால் பார்ட்டி நேராகப் போய்ப் பேசி முடித்துவிடும். ரயில் நிலைய வாசலுக்கு வரச்சொல்லி, ஸ்கூட்டர் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். நம்ம ஏரியாப் பக்கமே போகிறதே, நல்லதுதான் என்று நினைத்தாராம். நம்ம தெருவே வந்துவிட்டதே, பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாராம். வழியிலேயே சாவி அக்கா, விலை மோப்பம் பிடிப்பதற்காக ஓனரே பார்ட்டி மாதிரி நடித்து ஃபோன் செய்கிற ஆட்களை எப்படி மானத்தை வாங்கி அனுப்பினாள் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்ததால், கேட்டைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்து, அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. ஆனால் கத்துகிற மனிதர்களிடம் குரல் மாறாமல் பேசிச் சம்பாதிக்கிறவள் அவள். இந்த மனிதரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சும்மா விடவும் மனசு வரவில்லை.

"வணக்கம் சார். உள்ள வாங்க," என்றாள், வாஷிங் மெஷின் குரலில்.

சதுர அடி தன் வீட்டுக்குள் தயங்கித் தயங்கி நுழைந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் கல்யாணப் போட்டோவுக்குக் கீழேயே போய் நின்றார். நல்லவேளை, போட்டோவில் இருந்தவருக்குத் தலை நிறைய முடி, இவருக்கு அது இல்லை.

அவள் தயார் செய்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "சாரல் அடிக்கும் சார், இந்த ஜன்னல்ல." சாவி அக்கா குறுக்கே வந்தாள். இவர் கேட்டதே மேற்கே மரம் இருக்கிற ஜன்னல்தான் என்றாள். தன்னிடம் வருகிறவர்களை எத்தனை ரூம் என்று தான் கேட்பதே இல்லை என்று பெருமையாக விளக்கினாள். அந்தக் காலம் போச்சு. சாயங்காலம் எங்கே உட்காருவீர்கள், கோபம் வந்தால் எங்கே போவீர்கள், வீட்டுக்காரம்மா குரல் உங்களுக்கு எங்கிருந்து கேட்கணும், இவைதான் கேள்விகள். அதற்கு மனுஷன் சொல்கிற பதில்தான் அவன் வீடு.

"இவர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் அவள். கேட்கும்போது குரல் லேசாகப் பிசிறியது.

"அதை ஏம்மா கேக்கறீங்க. இந்த மாதிரி பார்ட்டிய நான் பாத்ததே இல்ல. சாயங்காலம் மர நெழல்ல நாற்காலி போடணுமாம். மனசு சரியில்லன்னா ஒரு ஆள் மட்டும் போற மாதிரி சின்னதா ஒரு ரூம் வேணுமாம், பெருசா இருந்தா ஆகாதாம். ஃபேன் தாழ இருக்கணுமாம். வீட்டுக்காரம்மா கதவுக்கு அந்தப் பக்கம் ஃபோன்ல பேசறது லேசா காதுல விழணுமாம், வார்த்தை புரியக்கூடாதாம், குரல் மட்டும் கேட்டா போதுமாம், அப்பத்தான் தூக்கம் வருமாம்."

அவள் கணவரைப் பார்த்தாள். சதுர அடி தரையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரு பொழுது, இந்த மனிதர் இதை அவளிடம் சொன்னதில்லை. ஸ்கூட்டர் ஓட்டுகிற முகம் தெரியாத அம்மாளிடம் ஃபோனில் சொல்லியிருக்கிறார். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் முண்டியடித்துக்கொண்டு வந்ததில், எதை முதலில் விடுவது என்று தெரியாமல், சமையலறையைக் காட்டுவதாகச் சொல்லித் திரும்பி நடந்தாள்.

பார்ட்டியும் பின்னால் வந்தது. கதவருகே வந்ததும், சார் முன்னே போங்கள் என்று சாவி அக்கா மரியாதையாக ஒதுங்கினாள். சதுர அடி வேறெங்கோ நினைவாகக் கைப்பிடியைப் பிடித்தார், மேலே தூக்கினார், இடுப்பால் ஒரு இடி இடித்தார். கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது.

முதல்முறை வந்தபோது அதே கதவோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன சாவி அக்கா, கதவைப் பார்த்தாள், அவர் இடுப்பைப் பார்த்தாள், திரும்பிப் போய்க் கல்யாணப் போட்டோவை அண்ணாந்து பார்த்தாள். அதற்குள் மாடியிலிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரா? அப்பா கதவ இடிக்கிற சத்தம் கேட்டுச்சே!"

"ஓனரா சார் நீங்க?" என்றாள் சாவி அக்கா.

சதுர அடிக்கு அசடு வழிந்தது. விலை கேட்க நடிக்கவில்லை, சத்தியமாக வீடு வாங்கத்தான் கேட்டேன் என்று குழறினார். மனசில் என்ன தோன்றியதோ அதைச் சொன்னேன், அது இந்த வீடு என்று எனக்கே தெரியவில்லை என்றார். அதைச் சொல்லி முடிக்கும்போது அவர் குரலும் சரியாக இல்லை. மானத்தை வாங்கப் போகிறாள் என்று பார்த்தால், சாவி அக்கா மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்து, சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தம்பி தலையை நீட்டினான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மகள் ஏன் என்று தெரியாமலே கூடச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் சாவி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தொழில்முகத்தை மாட்டிக்கொண்டாள். முதலில் அவளிடம் திரும்பி, பார்ட்டிக்கு வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது, கொடுக்க இஷ்டமா என்று முறைப்படி கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"சார், ஓனரம்மா சரின்னுட்டாங்க. உங்களுக்கு எதாவது கேக்கணுமா?"

சதுர அடி வீட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். தாழ இறங்கிய மின்விசிறி, அலமாரி, மாடிப்படிக்குக் கீழே சின்னக் கதவு. அளவெடுக்கிற பார்வையில்லை அது. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எப்பங்க குடி வரலாம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

எத்தனையோ பேரின் கத்தலுக்கு அசராத அந்தக் குரல் இந்த ஒரு கேள்விக்கு உடைந்தது.

"இன்னைக்கே வந்துருங்க," என்றாள்.